சிறுகோளைப் பிடித்து நிலவருகே நிறுத்துவது எப்படி? அறிவியல் கண்காட்சி மாணவர்களுக்கு ஒரு செயல்வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கென்று எடுத்துக்கொள்ளும் தலைப்புகள் பெரும்பாலும் சூரிய அடுப்பு, நீர் வடிகட்டி, எலுமிச்சை மின்கலம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரே கூடத்தில் நான்கு சூரிய அடுப்புகள் வரிசையாக நிற்கும்போது நடுவருக்குக் கேட்பதற்குக் கேள்வி இருக்காது. விண்வெளியில் திரியும் ஒரு சிறுகோளைப் பிடித்து, அதன் பாதையை மாற்றி, நிலவைச் சுற்றிவரும்படி நிறுத்துவதற்கான ஒரு பயணத்தைத் தாளில் முழுமையாகத் திட்டமிடும் முறையை இங்கே தருகிறேன். கணிப்பான், கணினியில் ஒரு விரிதாள், இணைய இணைப்பு, பள்ளியில் கற்ற விசை, உந்தம், வட்ட இயக்கம் ஆகியவை போதும். பள்ளி ஆண்டு தொடங்கி, தைப்பூசக் காவடி முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினால் கண்காட்சிக்கு நிதானமாகத் தயாராகலாம்.

முழுச் சிறுகோள் ஒன்றை இதுவரை யாரும் பிடித்துக் கொண்டுவந்ததில்லை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் கெக் விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் கூடிய ஒரு குழு 2012-இல் இதற்கான விரிவான ஆய்வை வெளியிட்டது. ஏழு மீட்டர் அகலமும் ஏறத்தாழ 500 டன் நிறையும் கொண்ட ஒரு கல்லைப் பையில் பிடித்து நிலவருகே கொண்டுவர 260 கோடி டாலர் ஆகும் என்று அது மதிப்பிட்டது. நாசா அதைச் சற்று மாற்றி, பெரிய சிறுகோள் ஒன்றின் மேலிருந்து சில மீட்டர் அளவுள்ள பாறையை மட்டும் எடுத்துவரும் திட்டத்தை 2015-இல் தேர்ந்தெடுத்தது. அத்திட்டம் 2017-இல் கைவிடப்பட்டது. ஆகவே உங்கள் திட்டம் நடந்த ஒன்றின் நகலாக இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் மெய்யாக நடந்த ஏதாவதொரு பயணம் சான்றாகக் கிடைக்கிறது.

எதற்காகப் பிடிக்கிறோம்?

இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ரஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது பிளாட்டினம்தான். அந்த ஆசையை ஓரமாக வைக்கும்படி சொல்வேன். உலகின் பிளாட்டினச் சேமிப்பில் பெரும்பங்கு நம் காலடியிலேயே கிடக்கும்போது, அதை விண்ணிலிருந்து இறக்குமதி செய்வதற்குக் கணக்கு ஒத்துவராது. கரிமம் மிகுந்த சிறுகோளில் கனிமங்களோடு பிணைந்துள்ள நீர் வேறு வகையான பொருள். கெக் குழுவின் மதிப்பீட்டின்படி, வாய்ப்பான வகையைச் சேர்ந்த 500 டன் கல்லில் 100 டன் வரை நீர் இருக்கலாம். பூமியிலிருந்து ஒரு டன் நீரை நிலவுவரை ஏற்றிச் செல்ல ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். நீரைப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜனும் ராக்கெட்டுக்கு எரிபொருளும் கிடைக்கும். பிரிக்காமல் வைத்தால் கதிர்வீச்சைத் தடுக்கும் சுவராகும். நோக்கம் நீர் என்று முடிவானவுடன் தேட வேண்டிய கல்லின் வகையும் முடிவாகிவிடுகிறது: கருத்த, கரிமம் மிகுந்த கல்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

முழுத் திட்டத்திலும் முக்கால் பங்கு வேலை இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் வழக்கமாக எஞ்சினை வரையத் தொடங்கி, கல்லைக் கடைசியில் தேடுகிறார்கள். அது தலைகீழ். நகர்த்துவதற்கு ஆகும் எரிபொருளும் காலமும் கல்லின் பாதையைப் பொறுத்தே அமைவதால், ஏற்கெனவே நம்மை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருக்கும் கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் இழுக்க வேண்டிய வேலை மிகக் கொஞ்சமே எஞ்சும்.

நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் நடத்தும் சிறுபொருள் தரவுத்தளம் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. அதில் வடிகட்டித் தேடும் வசதி உண்டு. அரைநெட்டச்சு (சூரியனிலிருந்து கல்லின் சராசரித் தொலைவு) 0.95 முதல் 1.05 வானியல் அலகு வரை (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவே ஓர் அலகு), மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு) 0.1-க்குக் கீழ், பாதைச் சாய்வு 2 பாகைக்குக் கீழ், தனி ஒளித்தரம் (கல்லின் ஒளியைக் குறிக்கும் எண்; எண் கூடக்கூட ஒளி மங்கும்) 26-க்கு மேல் என்று வரம்பு கொடுங்கள். பல்லாயிரக்கணக்கான புவியண்மைச் சிறுகோள்களில் ஒரு கைப்பிடி அளவே எஞ்சும்.

இந்த வரம்புகள் ஏன் என்பதை நடுவர் கட்டாயம் கேட்பார். விடையை நீங்களே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். பூமி சூரியனை நொடிக்கு ஏறத்தாழ 29.8 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. கல்லின் பாதை பூமியின் பாதைத் தளத்திலிருந்து ஒரு பாகை சாய்ந்திருந்தால், 29.8-ஐ ஒரு பாகையின் சைன் மதிப்பால் பெருக்குங்கள்: நொடிக்கு 0.52 கி.மீ. வேக வேறுபாடு வரும். ஐந்து பாகை சாய்ந்திருந்தால் 2.6 கி.மீ. ஐந்நூறு டன் பாறையின் வேகத்தை அவ்வளவு மாற்றக்கூடிய எஞ்சின் இன்று எவரிடமும் இல்லை. மையத்தொலைத்தகவுக்கும் இதே கதிதான், 0.1 என்றாலே நொடிக்குச் சில கிலோமீட்டர் அளவில் வேறுபாடு எழுந்துவிடும்.

அடுத்தது திரும்பிவரும் காலம். பூமியின் பாதையை மிகவும் ஒத்த பாதையுள்ள கல் நம்மோடு ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதால், ஒருமுறை நம்மைக் கடந்தால் மீண்டும் நம்மருகே வர நெடுங்காலம் எடுக்கும். அரைநெட்டச்சு 1.03 என்று வைத்துக்கொள்வோம். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 1.03-ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் சுற்றுக்காலம் 1.045 ஆண்டு. அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வரும் 0.045-ஆல் சுற்றுக்காலத்தை வகுத்தால் 23 ஆண்டு. இன்று தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 23 ஆண்டுக்குப் பிறகுதான் என்பது பொருள். மலிவான கல் அரிதாக வரும். அடிக்கடி வரும் கல் விலை கூடியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று எழுதுவதுதான் திட்டத்தின் உயிர்நாடி.

நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. வடகேப் மாகாணத்துச் சதர்லாந்து மேட்டில், தென்னாப்பிரிக்க வானியல் ஆய்வகத்தின் வளாகத்தில், அட்லஸ் என்னும் சிறுகோள் கண்காணிப்பு வலையமைப்பின் தொலைநோக்கி ஒன்று 2022 முதல் இயங்கிவருகிறது. அது 2024 ஆகஸ்ட் 7 அன்று ஏறத்தாழ பத்து மீட்டர் அளவுள்ள ஒரு கல்லைக் கண்டுபிடித்தது. அதற்கு 2024 பி.டி.5 என்று பெயரிடப்பட்டது. பூமியைப் பொறுத்து அதன் வேகம் மிகக் குறைவாக இருந்ததால், 2024 செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை அது பூமியின் ஈர்ப்பில் தற்காலிகமாகச் சிக்கிய குறுநிலவு என்று செய்திகளில் அடிபட்டது. பின்னர் அதன் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தபோது நிலவுப் பாறையின் சாயல் தெரிந்தது. முன்னொரு காலத்தில் நிலவின்மேல் விழுந்த அடியில் தெறித்த துண்டாக அது இருக்கலாம். நீர் தேடுபவருக்கு அது பயன்படாது. ஆனால் பாதை எவ்வளவு வசதியாக இருக்க முடியும் என்பதைக் காட்டுவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அது மீண்டும் நம் அருகே வருவது 2055-இல். டர்பன் துறைமுக விளக்குகளுக்கும் உம்லாங்கா கடற்கரை விளக்குகளுக்கும் நடுவே நின்று வீட்டுத் தொலைநோக்கியில் இப்படிப்பட்ட கற்களைத் தேடுவது வீண். தரவுத்தளமே நம் கண்.

தேர்ந்தெடுத்த கல்லின் பக்கத்தில் இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். பாதையின் நிச்சயமின்மைக் குறியெண் 0 முதல் 9 வரை கொடுக்கப்பட்டிருக்கும். 5-க்கு மேல் இருந்தால் அந்தக் கல் அடுத்த முறை எங்கே இருக்கும் என்பதே ஊகம்தான், ஒதுக்கிவிடுங்கள். மற்றொன்று, அது கல்தானா என்பது. 2020 எஸ்.ஓ. என்று சிறுகோளாகப் பதிவான பொருள், 1966-இல் சர்வேயர்-2 கலத்தை ஏவிய சென்டார் ராக்கெட்டின் காலியான மேலடுக்கு என்று பின்னால் தெரியவந்தது. பூமியின் பாதையை அச்சாக ஒத்துவரும் பொருள் என்றால் சற்றுச் சந்தேகத்தோடே பார்க்க வேண்டும்.

நிறையை மதிப்பிடுதல்

தொலைநோக்கியில் தெரிவது ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே. சின்ன வெளிறிய கல்லும் பெரிய கருத்த கல்லும் ஒரே அளவு ஒளியைத் தரும். தனி ஒளித்தரம் 28 என்ற ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். விட்டத்துக்கான வாய்பாட்டில் இட்டால் 3.34 மீட்டரை, எதிரொளிப்புத் திறனின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்று வருகிறது. மேல்பரப்பு விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பினால் விட்டம் 6.7 மீட்டர், இருபதில் ஒரு பங்கை மட்டும் அனுப்பும் கருத்த கல்லானால் 14.9 மீட்டர். பார்வைக்கு இரண்டு மடங்குபோலத் தோன்றினாலும் பருமனில் அது பதினொரு மடங்கு. வெளிறிய கல்லுக்குக் கன மீட்டருக்கு 2.7 டன் என்றும், நுண்துளைகள் நிறைந்த கருத்த கல்லுக்கு 1.5 டன் என்றும் அடர்த்தி வைத்தால், முதலாவது 425 டன், இரண்டாவது 2,600 டன்.

இந்த இரண்டு எண்களையும் விரிதாளில் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் இட்டு, இனி வரும் ஒவ்வொரு கணக்கையும் இரண்டுக்கும் செய்யுங்கள். சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கிவிடும் மாணவர், திட்டத்தின் மிகப் பெரிய ஆபத்தைத் தன் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறார். மெய்யான பயணத்தில் இதைத் தீர்க்க அகச்சிவப்பு அளவீடும் ரேடார் நோக்கும் செய்வார்கள்; முடிந்தால் முன்கூட்டியே ஒரு சிறு உளவுக் கலத்தையும் அனுப்புவார்கள். உங்கள் திட்டத்திலும் அவ்வளவும் இடம்பெற வேண்டும்.

எஞ்சினும் எரிபொருளும்

கல்லின் பாதையைத் திருத்த நொடிக்கு 150 மீட்டர் வேக மாற்றம் போதும் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத் தேர்ந்தெடுத்த கல்லுக்கு இந்த அளவு நியாயமானதே. சாதாரண வேதிப்பொருள் ராக்கெட்டில் எரிவாயு நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. அயனி எஞ்சினில் செனான் வாயுவை மின்னேற்றி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் வெளியேற்றலாம். 500 டன் கல்லுக்கு முதலாவது முறையில் 25 டன் எரிபொருள் ஆகும். இரண்டாவதில் இரண்டரை டன். வேக மாற்றம் 1 கி.மீ. ஆனால் வேதிமுறைக்கு ஏறத்தாழ 200 டன் தேவைப்படும். தேர்வில் கோட்டைவிட்டால் எஞ்சின் அதை ஈடுகட்டாது என்று மேலே சொன்னதன் பொருள் இந்த எண்ணில் இருக்கிறது.

அயனி எஞ்சினின் குறை அதன் மெல்லிய உந்துவிசை. 40 கிலோவாட் மின்சாரம், 60 சதவீதத் திறன், 30 கி.மீ. வெளியேற்ற வேகம் என்று கொண்டால் கிடைக்கும் விசை 1.6 நியூட்டன், உள்ளங்கையில் வைத்த ஒரு சிறு மாம்பழத்தின் எடை அவ்வளவுதான் இருக்கும். அந்த விசை 500 டன்னை ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் வேகம் நொடிக்கு 28 சென்டிமீட்டர் மாறும். 150 மீட்டரை எட்ட 543 நாட்கள், அதாவது ஒன்றரை ஆண்டு. மேலே எழுதிய இரண்டு நெடுவரிசைகளில், 425 டன் கல்லுக்கு 461 நாட்களும், 2,600 டன் கல்லுக்கு ஏழே முக்கால் ஆண்டும் ஆகும். செனான் இரண்டு டன்னிலிருந்து பதின்மூன்று டன்னாக உயரும். வானில் ஒரே ஒளிப்புள்ளியாகத் தெரிந்த கல்லுக்கு இவ்வளவு வேறுபாடு.

இப்படி ஆண்டுக்கணக்கில் மெல்லத் தள்ளுவது கற்பனை இல்லை. 2007-இல் ஏவப்பட்ட டான் விண்கலம் 425 கிலோ செனானை மட்டும் சுமந்து சென்று, அயனி எஞ்சின்களால் மொத்தத்தில் நொடிக்கு 11 கி.மீ.க்கு மேல் வேகத்தை மாற்றி, சிறுகோள் பட்டையிலுள்ள வெஸ்டாவையும் செரஸையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றியது. 40 கிலோவாட்டுக்கு வேண்டிய சூரியத் தகட்டின் பரப்பையும் கணக்கிட்டுவிடுங்கள்: சதுர மீட்டருக்கு 1,361 வாட் ஒளி, 30 சதவீதத் திறன் என்றால் ஏறத்தாழ நூறு சதுர மீட்டர். கலத்தின் படம் வரையும்போது இந்த அளவுக்கு ஏற்பத் தகடுகளை வரைய வேண்டும். பொம்மைபோலச் சின்னதாக வரைந்து வைத்தால் நடுவர் அளவுகோலை எடுப்பார்.

பிடித்தல்

சின்னக் கற்கள் பல வேகமாகச் சுழல்கின்றன. ஏழு மீட்டர் கல் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் மேல்பரப்பு நொடிக்கு 37 சென்டிமீட்டர் நகரும். கேட்பதற்கு மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வெளிநோக்கி வீசும் முடுக்கம் கல்லின் சொந்த ஈர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறத்தாழ பதினாலாயிரம் மடங்கு. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்த்தால் இந்த எண் வரும். அதன்மேல் தளர்வாக எதுவும் தங்காது. ஒட்டும் விசையால் பிடித்துக்கொண்டிருக்கும் தூசியும் ஓரளவு இறுகிய பாறையும் மட்டுமே மிஞ்சியிருக்கும். மேலே 'இறங்குவது' என்ற எண்ணத்தையே இங்கே விட்டுவிட வேண்டும்.

பெரிய கற்களில் நிலைமை வேறு. 2020 அக்டோபர் 20 அன்று ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் பெனு என்னும் ஐந்நூறு மீட்டர் அளவுள்ள சிறுகோளைத் தொட்டபோது, ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாகிவிட்டது. உறுதியான தரை என்று எண்ணிய இடம் எதிர்ப்பே காட்டாமல் விலகிக்கொடுத்தது. மாதிரி எடுக்கும் கையின் நுனி ஏறத்தாழ அரை மீட்டர் உள்ளே புதைந்தது. பின்னோக்கித் தள்ளும் உந்திகள் இயங்கியிராவிட்டால் கலம் இன்னும் ஆழமாக அமிழ்ந்திருக்கும். கைநுனியின் மூடியில் சில கற்கள் இடுக்கிக்கொண்டு அதை முழுதாக மூடவிடாமல் செய்ததால், பிடித்த துகள்கள் இடைவெளி வழியே மெல்ல வெளியேறி மிதந்து போவதைப் படங்களில் பார்த்த குழுவினர், மாதிரியை எடைபோடும் வேலையைக் கைவிட்டு அவசரமாகப் பேழைக்குள் வைத்துப் பூட்டினர். 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்துசேர்ந்தது 121.6 கிராம். பெனுவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராம் மட்டுமே. அது தளர்ந்த கற்குவியல். அப்படிப்பட்ட குவியலைக் கொக்கி போட்டு இழுத்தால் கையில் கொக்கி மட்டும்தான் மிஞ்சும்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து எனக்குப் பொருத்தமாகப் படுவது பையே. கெக் குழு முன்வைத்ததும் அதுதான்: கலத்தின் முன்பக்கத்தில் மடித்து வைத்து, காற்றடைத்த குழாய்களால் விரிக்கப்படும் பத்து மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் விட்டமும் கொண்ட வலுவான துணிப்பை. பை உடைந்த துண்டுகளையும் தூசியையும் உள்ளேயே வைத்திருக்கும். வெயிலை மறைத்து நீர் ஆவியாகிப் போகாமலும் காக்கும்.

வரிசைமுறை முக்கியம். கலம் முதலில் சில கிலோமீட்டர் தொலைவில் நின்று கல்லின் வடிவத்தையும் சுழல் அச்சையும் படமெடுக்க வேண்டும். பிறகு அந்த அச்சின் நேராக வந்து நின்று, கல் சுழலும் அதே வேகத்தில் தானும் சுழல வேண்டும். அந்நிலையில் கலத்திலிருந்து பார்த்தால் கல் அசையாமல் நிற்கும். அதன் பிறகே பையைக் கல்லின்மேல் மெல்லப் போர்த்தி, வாய்க் கயிற்றை இறுக்க வேண்டும். இறுக்குவது சீராக நடக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கல் பைக்குள்ளேயே உருண்டு கலத்தைத் தட்டும். கடைசியாக, பிடித்த நிலையிலேயே சிறு வேதி உந்திகளால் சுழற்சியை நிறுத்த வேண்டும். 500 டன் கல், நிமிடத்துக்கு ஒரு சுற்று, அச்சிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி அமைந்த உந்திகள் என்று கணக்கிட்டால் இருபது கிலோவுக்கும் குறைவான எரிபொருளே ஆகிறது. ஆனால் கல் ஒரே அச்சில் சுழலாமல் தலைகுப்புறப் புரண்டுகொண்டிருந்தால் அச்சில் வந்து நிற்பதே கடினமாகிவிடும். புரளும் கற்களை என் பட்டியலிலிருந்து நான் நீக்கிவிடுவேன்.

பிடித்த பின் புதிய நிறை மையம் எங்கே இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். உந்துவிசை அந்த மையத்தின் வழியே போகவில்லையென்றால், தள்ளும்போதெல்லாம் கலமும் கல்லும் சேர்ந்து சுழலத் தொடங்கும். எஞ்சின்களைத் திருப்பக்கூடிய மூட்டுகளில் பொருத்துவது இதற்காகத்தான்.

நகர்த்துதல்

சீக்கிரம் தள்ளினால் கொஞ்சம் தள்ளினால் போதும் என்பதே இந்தப் படியின் அடிப்படை. ஏறத்தாழ வட்டப் பாதையில் ஓடும் கல்லின் வேகத்தை ஓடும் திசையில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றினால், அதன் சுற்றுக்காலமே மாறிவிடுவதால் விலகல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். பத்தாண்டு முடிவில் அது வேக மாற்றம், காலம் ஆகியவற்றின் பெருக்கலைப்போல மூன்று மடங்கு, அதாவது 9,500 கி.மீ.; பூமியின் ஆரத்தைவிடக் கூடுதல். ஆகவே உங்கள் கால அட்டவணையில் கல் பூமியருகே வரும் ஆண்டைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். தள்ளுவதற்கு இரண்டு ஆண்டு, சுழற்சியை நிறுத்திப் பிடிப்பதற்குச் சில மாதம், போய்ச்சேர இரண்டு மூன்று ஆண்டு, அதற்கு முன்னால் கலத்தைக் கட்டுவதற்கான காலம். பெரும்பாலான திட்டங்களில் இந்த எண்ணிக்கை முடியும்போது பிள்ளைகள் எழுந்து உட்கார்வார்கள்: இன்று தேடத் தொடங்கினால்தான் 2040-களில் கல் கையில் கிடைக்கும்.

பூமியருகே வந்தபின் கல்லை நிறுத்தும் பொறுப்பு நிலவினுடையது. நிலவுக்கு அருகே சரியான பக்கமாகக் கடக்கும்போது அதன் ஈர்ப்பு கல்லின் வேகத்தைக் குறைத்து, பூமி-நிலவுக் கட்டுக்குள் சேர்த்துவிடும். ஒருமுறை கடப்பதால் பிடிபட வேண்டுமானால், பூமியைப் பொறுத்த அணுகு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.4 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் கல்லைத் தேடும்போதே இந்த வரம்பையும் சரிபார்த்துவிட வேண்டும். அதன் பிறகு சிறுகச் சிறுகத் தள்ளி, நிலவுக்கு மேல் ஏறத்தாழ 70,000 கி.மீ. தொலைவில், நிலவு செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும் பாதையில் நிறுத்தலாம். அந்தப் பாதையில் விட்ட பொருள் திருத்தம் எதுவும் இல்லாமலேயே நூறாண்டுக்கு மேல் நிலைத்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள்.

மோதியும் நகர்த்தலாமே என்று யாராவது கேட்பார்கள். டார்ட் விண்கலம் 2022 செப்டம்பர் 26 அன்று, நம் நேரப்படி 27 அதிகாலை 1.14 மணிக்கு, நொடிக்கு 6.1 கி.மீ. வேகத்தில் டிடிமாஸ் என்னும் பெரிய சிறுகோளைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்னும் குட்டிச் சிறுகோள்மேல் மோதியது. சதர்லாந்திலிருந்தும் ரீயூனியன் தீவின் லெ மாக் ஆய்வகத்திலிருந்தும் அந்த மோதலில் கிளம்பிய தூசிப் படலத்தைப் படமெடுத்தார்கள். 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்குமேல் குறைந்தது. ஆனால் வேக மாற்றம் நொடிக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அபாயமான கல்லை விலக்க இந்த முறை பயன்படும். ஒரு குறிப்பிட்ட பாதையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய கல்லுக்கு இதில் கட்டுப்பாடு போதாது. கலத்தின் சொந்த ஈர்ப்பாலேயே கல்லைத் தொடாமல் இழுக்கும் ஈர்ப்பு இழுவை முறையும் உண்டு. அது பெரிய கற்களைத் துளித்துளியாக விலக்குவதற்கானது, நமக்குத் தேவையில்லை.

பாதுகாப்பும் சட்டமும்

கல் தவறிப் பூமிமேல் விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பாட்டி முதல் நடுவர் வரை எல்லோரும் கேட்பார்கள். ஏழு மீட்டர் அளவுள்ள, எளிதில் உதிரும் கரிமக் கல் வளிமண்டலத்தின் மேலேயே உடைந்து எரிந்துவிடும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் சன்னல்களை உடைத்தது ஏறத்தாழ இருபது மீட்டர் கல். பிரிட்டோரியாவுக்கு வடக்கே த்ஸ்வைங்கில் 2,20,000 ஆண்டுக்கு முன் 1.13 கி.மீ. அகலப் பள்ளத்தைத் தோண்டியது முப்பது முதல் ஐம்பது மீட்டர் வரையிலான கல் என்று மதிப்பிடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் கௌடெங் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று ஒரு படம் எடுத்துவந்து அட்டையில் ஒட்டினால், அளவு வேறுபாட்டை விளக்க அதுவே போதும். இருந்தாலும் கல்லின் அளவுக்குப் பத்து மீட்டர் என்று உச்சவரம்பு வைத்து, வழியில் எஞ்சின் நின்றுபோனாலும் கல் பூமியைத் தொடாத பாதையையே ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ந்தெடுங்கள்.

1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் ஒரு விண்பொருளைத் தன் நிலம் என்று உரிமை கோர முடியாது. தனியார் நடத்தும் பயணத்துக்கும் அவர்களின் நாடே பொறுப்பு. தென்னாப்பிரிக்காவில் 1993-ஆம் ஆண்டு விண்வெளி விவகாரச் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்க வேண்டும். கல்லிலிருந்து எடுத்த நீர் யாருக்குச் சொந்தம் என்பதில் நாடுகள் இன்னும் ஒருமனப்படவில்லை. அட்டையில் அதை அப்படியே எழுதிவிடலாம்.

அட்டையில் வைக்க வேண்டியவை

வண்ணப் படங்களுக்கு இடம் கொடுப்பதைவிட ஒரே ஒரு அட்டவணையை நடுவில் பெரிதாக வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அளவு: விட்டம், நிறை, சுழற்சி, வேக மாற்றம், செனான், தள்ளும் நாட்கள், பூமிக்குத் திரும்பும் ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என்று இரண்டு எண்கள். கூடிய மதிப்பில் திட்டம் தோற்றுப்போனால் அதை மறைக்காமல், எந்த அளவுவரை திட்டம் தாங்கும் என்ற எல்லையைச் சிவப்பு மையில் கோடிட்டுக் காட்டுங்கள். கல்லின் பாதைத் தரவை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதையும் அட்டவணையின் கீழே எழுத வேண்டும்; புதிய நோக்குகள் சேரச் சேர அந்த எண்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். கண்காட்சிக்கு முந்தைய வாரம் தரவுத்தளத்தை ஒருமுறை மீண்டும் திறந்து பார்த்து, மாறியிருந்தால் விரிதாளில் மாற்றி, அட்டவணையைப் புதிதாக அச்சிட்டு ஒட்டிவிடுங்கள்.